அண்டா எங்கே போச்சு? அயனாவரத்துக் குடும்பம் ஒன்றின் எட்டு மாதத் தேடல்

2025 மே விடுமுறையில், வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து எங்கள் குடும்பக் கதையைத் தேடலாம் என்று ஆரம்பித்தோம். அது 2026 காணும் பொங்கல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. எது நடந்தது, எது ஊற்றிக்கொண்டது, ஏன் ஊற்றிக்கொண்டது என்று ஞாபகம் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன், இதே மாதிரி செய்யப் பார்க்கிற வீடுகளுக்கு உதவலாம்.

ஆட்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுநாயகம் ஆயா, அப்பாவைப் பெற்றவர். வடசென்னை வீடுகள் பலவற்றில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள், எங்கள் வீட்டில் கொள்ளுப் பேரன் வரைக்கும் எல்லோருக்கும் அவர் ஆயாதான். தாத்தா இறந்து பல வருஷம் ஆகிறது. ஐ.சி.எஃப். என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலையில், பெட்டியின் கூட்டைச் செய்யும் ஷெல் டிவிஷனில் வெல்டராக இருந்தவர். அப்புறம் அப்பா, அம்மா, மாடியில் அண்ணன் குடும்பம், கீழே நான், என் மனைவி, மகள். தேடலில் முக்கியமானவர்கள் மூன்று பேர்: அண்ணன் மகன் (14 வயது), என் மகள் (11), லீவுக்கு வந்திருந்த சித்தப்பாவின் பேரன் (7). கடைசியில் சொன்னவனை இனிமேல் சின்னவன் என்றே எழுதுகிறேன், ஏனென்றால் பாதிக் கண்டுபிடிப்பு அவனுடையது.

முதல் நாள் சொதப்பல்

அண்ணன் எதையும் முறையாகச் செய்கிற ஆள். இணையத்தில் எங்கிருந்தோ ஐம்பது கேள்வி எடுத்து, தமிழாக்கி, பிரிண்ட் போட்டு, வளைய விளக்கு ஒன்று வாங்கி, ஸ்டாண்டில் போனை மாட்டி, ஆயாவை நாற்காலியில் உட்கார வைத்தான். முதல் கேள்வி, "ஆயா, உன் வாழ்க்கையில மறக்கவே முடியாத நாள் எது?"

ஆயா விளக்கைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "இன்னாத்துக்குடா இதெல்லாம், கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கா?"

அதோடு அன்றைய வேலை முடிந்தது என்று சொல்லலாம். விடாமல் பதினாலு நிமிஷம் பதிவு செய்தோம். போட்டுக் கேட்டால் அதில் ஆயா பேசியது நாலு நிமிஷம்கூட வராது, மிச்சமெல்லாம் நாங்கள் பேசியதும், ஃபேன் சத்தமும், குக்கர் விசிலும். எல்லாக் கேள்விக்கும் ஏறக்குறைய ஒரே பதில்: "எல்லா நாளும் ஒரே நாளுதான், சோறு வடிச்சேன், புள்ளைங்கள வளத்தேன், இன்னா சொல்றது."

ஏன் இப்படி ஆனது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. எண்பது வருஷம் யாரும் அபிப்பிராயம் கேட்காத ஒரு பெண்மணியிடம் போய், திடீரென்று முழு வாழ்க்கையையும் ஒரே வாயில் சுருக்கிச் சொல் என்றால் எப்படிச் சொல்வார்? என்னிடம் கேட்டாலே எனக்குப் பதில் வராது. அண்ணனுக்கு மட்டும் இன்னும் வருத்தம், விளக்குக்குக் கொடுத்த காசை நினைத்து.

பாத்திரத்தில் இருந்த பெயர்கள்

இரண்டு நாள் கழித்து, மின்சாரம் போன ஒரு மதியம், சின்னவன் தண்ணீர் குடித்துக்கொண்டே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். டம்ளரில் வெட்டியிருந்த பெயரை. யார் பெயர் என்று கேட்டான். எங்கள் யாருக்கும் தெரியவில்லை. ஆயா படுத்தபடியே சொன்னார், "அது ஓட்டேரியில பக்கத்து வூட்டுக்காரி, உங்க அத்த காது குத்துக்கு வெச்சா."

தமிழ்நாட்டில் பாத்திரக் கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும், பில் போடும்போதே "பேரு போடணுமா?" என்று கேட்பார்கள். இப்போது மின்சாரப் பேனா வைத்து நிமிஷத்தில் எழுதிவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் சின்ன உளியும் சுத்தியலும் வைத்துப் புள்ளி புள்ளியாக வெட்டுவார்கள், எழுத்தைத் தடவினால் விரலில் உறுத்தும். யார் கொடுத்தது, யாருக்கு, என்றைக்கு, மூன்றும் ஒரு அங்குலத்தில் அடங்கிவிடும். எங்கள் மாதிரி வீட்டில் யாரும் டைரி எழுதவில்லை, கடிதங்களைச் சேர்த்து வைக்கவில்லை. எழுத்தில் இருந்தது பாத்திரத்தில்தான் இருந்தது, அதை நாங்கள் தினமும் தேய்த்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தோம்.

மகள் உடனே இதை விளையாட்டாக்கிவிட்டாள். பெயர் கண்டுபிடித்தால் ஒரு பாயின்ட், தேதியும் இருந்தால் இரண்டு, ஆயாவுக்கே அடையாளம் தெரியாத பெயர் என்றால் ஐந்து. பரணில் ஏறினார்கள். என் மனைவி மட்டும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பெரியவர்கள் அன்றைக்குச் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. சாயங்காலத்துக்குள் கூடம் முழுக்கப் பாத்திரம்: தவலை, குடம், சொம்பு, கூஜா, அடுக்குச் சட்டி, மூடி தொலைந்த தூக்குகள். 63 உருப்படியில் பெயர் இருந்தது, ஆள் கணக்கு 19. ஆயா நடுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பது கேள்விக்கு வாயைத் திறக்காதவர், அன்று இரண்டரை மணி நேரம் பேசினார்.

போனைப் பதிவில் போட்டுவிட்டு ஒரு தவலைக்குப் பின்னால் வைத்திருந்தோம், அவருக்குத் தெரிந்தேதான். கேட்காமல் பதிவு செய்யாதீர்கள், பிற்பாடு தெரியவந்தால் அதற்கப்புறம் வாயே திறக்க மாட்டார்கள். கேட்டுவிட்டு, கண்ணில் படாமல் வைத்துவிடுவது நல்லது.

மொய் நோட்டு

பரணிலிருந்து வந்த தகரப் பெட்டிக்குள், 1960இல் நடந்த ஆயா, தாத்தா கல்யாணத்தின் மொய் நோட்டு இருந்தது. மேலே பிள்ளையார் சுழி, கீழே வரிசையாகப் பெயர், ஊர், தொகை. உறவுமுறை தெரிய இதைவிட நல்ல ஆவணம் ஒரு சாதாரண வீட்டில் கிடைக்காது என்பது என் கட்சி. யார் முதலில் எழுதினார், யார் எவ்வளவு எழுதினார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று பார்த்தாலே உறவுகளின் படம் பாதி வந்துவிடும்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது தொகைதான். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், அதிகம் போனால் ஐந்து. சில இடங்களில் "2 ரூ 50 ந.பை." என்று இருந்தது. ந.பை. என்றால் என்ன என்று மூன்று பேரும் ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டார்கள், நாங்கள் சொல்லவில்லை. விடை, நயா பைசா. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி வரைக்கும் ரூபாய்க்குப் பதினாறு அணா. அன்றிலிருந்து நூறு பைசா, பழைய பைசாவோடு குழம்பக் கூடாதென்று புதியதை நயா பைசா என்றார்கள், 1964இல் அந்த 'நயா' கழன்றுகொண்டது. ஆனால் அணா ஒழிந்து இத்தனை காலம் ஆன பிறகும் ஆயா வாயில் ஐம்பது காசு எட்டணாதான்.

இன்னொரு விளையாட்டு, நோட்டில் இருக்கிற ஊர்ப்பெயரை மட்டும் படிப்பது, யார் வீட்டு ஆள் என்று ஆயா சொல்ல வேண்டும். வாலாஜாபாத், உத்திரமேரூர், செய்யாறு என்று வந்துகொண்டிருந்த வரிசையில் ஒரு இடத்தில் 'ரங்கூன்' என்று வந்தது. ஆயாவின் தாய்மாமா அங்கே கடை வைத்திருந்தாராம், கல்யாணத்துக்கு வர முடியாமல் ஆள் மூலம் பணம் கொடுத்தனுப்பினாராம். 1964இல் பர்மா அரசாங்கம் கடைகளைத் தேசியமயமாக்கியது, அதே வருஷம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளைச் செல்லாது என்றது. மாமா கப்பலில் வந்து மெட்ராஸில் இறங்கும்போது கையில் ஒரு டிரங்குப் பெட்டிதான்.

இதற்குமேல் ஆயாவுக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, சாப்பிடலாமே என்று அந்த ஞாயிற்றுக்கிழமை பீச் ஸ்டேஷன் பக்கம் கிளம்பிவிட்டோம். பர்மா பஜாரும் அதை ஒட்டிய தெருக்களில் அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் விற்கும் வண்டிகளும் அப்படித் திரும்பி வந்தவர்களால் உண்டானவை. அத்தோ ஒரு தட்டு, மொயிங்கா என்கிற நூடுல்ஸ் சூப் ஒரு கிண்ணம், வாழைத்தண்டு சூப். சின்னவன் வழக்கமான நூடுல்ஸ் என்று நினைத்து அத்தோவை வாயில் போட்டு, புளியும் பூண்டும் நாக்கில் ஏறியதும் முகத்தைச் சுளித்தான். ஆயா ஒரு வாய் சாப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "மாமா வூட்ல இப்டி இருக்காது." எப்படி இருக்கும் என்று அண்ணன் மகன் கேட்டதும், அந்த வீட்டு அடுப்பங்கரையில் ஆரம்பித்து, மாமி பேசுகிற பர்மியக் கெட்ட வார்த்தை வரைக்கும் வந்துவிட்டார். வாய்க்கும் ஞாபகத்துக்கும் ஏதோ தனி வழி இருக்கிறது.

ஆயாவுக்கு என்ன வயது?

இது குடும்பத்தில் பழைய சண்டை. ஆதாரில் 01.01.1945. ஜனவரி ஒன்றாம் தேதியைப் பார்த்தாலே தெரியும், யாரோ குத்துமதிப்பாகப் போட்ட தேதி என்று. அந்தத் தலைமுறையில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கும் இதே கதைதான், கையைத் தலைக்கு மேலே சுற்றி எதிர்ப்பக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று அர்த்தம், வாத்தியார் ஒரு தேதியை எழுதிக்கொள்வார்.

தகரப் பெட்டியில் ஆயாவின் ஜாதகமும் கிடைத்தது. "சித்திரபானு௵ ஆடி௴ 18௳" என்று இருந்ததை அண்ணன் மகன் ஏதோ ரகசியக் குறியீடு என்றே நினைத்துவிட்டான். ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ நாள், பழைய பத்திரம், ஜாதகம் எல்லாவற்றிலும் வரும். மகள் அட்டையில் ஒரு சக்கரம் செய்தாள், பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயரும் சுற்றி எழுதி, பிரபவவுக்கு நேராக 1927, 1987 என்று போட்டாள். 2002இல் சித்திரபானு, அறுபதைக் கழித்தால் 1942. ஆடி பதினெட்டு, அதாவது பதினெட்டாம் பெருக்கு, ஆகஸ்ட் மாதத் தொடக்கம். இந்தச் சக்கரத்தை அப்புறம் உறவுக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் எடுத்துக்கொண்டு போனோம், ஐந்து ரூபாய் அட்டையில் செய்த இதற்குத்தான் எல்லா இடத்திலும் கிராக்கி.

1942 என்று தெரிந்ததும் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. புளியந்தோப்பில் குடியிருந்த குடும்பத்தில் ஆயா மட்டும் ஏன் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தார்? தலைப்பிரசவம் இல்லை, தாய்வீடும் அது இல்லை. "ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு ஊரே காலி பண்ணிச்சாம், எங்கம்மா வயித்துல என்னை வெச்சுக்கினு மாட்டு வண்டியில போச்சாம்" என்று ஆயா எப்போதோ சொன்னதை நாங்கள் யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. 1942 ஏப்ரல் முதல் வாரத்தில் ஜப்பான் விமானங்கள் கொழும்பையும், அடுத்த நாள் விசாகப்பட்டினம், காக்கிநாடாவையும் தாக்கின. மெட்ராஸ் கிட்டத்தட்ட காலியானது, அரசாங்க அலுவலகங்களே வெளியூருக்குப் போயின. அப்போது பார்க் டவுனில் இருந்த மிருகக்காட்சி சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். சின்னவனுக்கு உலகப் போரெல்லாம் மறந்துபோய்விட்டது, அந்தப் புலியை மட்டும் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

இடையில் ஒரு வயிற்றெரிச்சல். ரயில்வே குடும்ப ஓய்வூதியம் வாங்குபவருக்கு 80 வயது ஆனால் 20 சதவீதம் கூடுதலாக வரும். ஜாதகப்படி ஆயாவுக்கு அது 2022இலேயே வந்திருக்க வேண்டும், ஆதார்படி 2025இல். ஜாதகத்தைச் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அது தெரிந்ததுதான். ஆனாலும் சக்கரத்தை வைத்துக்கொண்டு மகள் கணக்குப் போட்டுக் காட்டியபோது ஆயா முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

பஸ்ஸில் ஒரு நாள்

ஆயா இதுவரை குடியிருந்த வீடுகள் ஆறு. எல்லாம் புளியந்தோப்பு, ஓட்டேரி, பெரம்பூர், அயனாவரம் என்று ஒரே வட்டாரம்தான். ஒரு சனிக்கிழமை எல்லா முகவரிக்கும் போய் வாசலில் நின்று போட்டோ எடுப்பது என்று திட்டம். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, நானும் அண்ணனும் பையன்களும் மட்டும் எடுத்தோம்.

சென்னையில் பழைய முகவரி தேடுவது தனி வித்தை. ஒவ்வொரு வீட்டுக்கும் பழைய எண், புதிய எண் என்று இரண்டு. எழுபதுகளின் கடைசியில் தெருப்பெயர்களில் இருந்த சாதிப் பின்னொட்டை எடுத்தார்கள், அதனால் நோட்டில் இருக்கிற பெயரும் பலகையில் இருக்கிற பெயரும் ஒன்றாக இருக்காது. கூகுள் மேப் கைவிட்ட இடத்தில் இஸ்திரி வண்டிக்காரர்தான் வழி சொன்னார், இந்த விஷயத்தில் தெருமுனை இஸ்திரிக் கடையைவிடப் பெரிய ஆவணக் காப்பகம் கிடையாது.

(நிஜ ஆவணக் காப்பகம் எழும்பூரில் இருக்கிறது, 1909இல் கட்டியது. அண்ணன் முதல் வாரமே அங்கே போகலாம் என்று குதித்தான். என்ன தேடுகிறோம் என்றே தெரியாமல் அங்கே போய்ப் பிரயோசனம் இல்லை, முதலில் பரண், அப்புறம் எழும்பூர்.)

ஆறில் மூன்று வீடு இப்போது அடுக்குமாடி, ஒன்று பைக் ஷெட். ஓட்டேரி வீடு மட்டும் அப்படியே இருந்தது. ஆயா உள்ளே போகக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றார், அந்த வீட்டுப் பெண் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். பட்டாளம் என்ற பகுதி வழியாக வரும்போது பின்னி மில் இருந்த இடத்தைக் காட்டி, தாத்தாவின் அண்ணன் அங்கே வேலை பார்த்ததாகச் சொன்னார். அந்த அண்ணனைப் பற்றி ஆயா தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை, நாங்கள் கவனித்தும் கேட்கவில்லை. கடைசி நிறுத்தம் ஐ.சி.எஃப். பக்கத்திலேயே இருக்கும் ரயில் அருங்காட்சியகம். 1955 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய தொழிற்சாலை, ஆரம்பத்தில் சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் உதவியோடு பெட்டியின் கூட்டை மட்டும் செய்தார்கள், 1962இல்தான் உள் அலங்காரப் பிரிவு வந்தது. தாத்தா 1957இல் சேர்ந்தவர். அங்கே நிறுத்தி வைத்திருந்த பழைய பெட்டியைத் தட்டிப் பார்த்து, "உங்க தாத்தன் ஒட்டுனதா இருக்கும், அதான் இன்னும் நிக்குது" என்றார் ஆயா.

பகிர்ந்த விதம்

வெளியூர் உறவுகளுக்கு இதையெல்லாம் எப்படிக் கொண்டுபோவது என்பதில் முதலில் தப்பு செய்தோம். எல்லாப் படத்தையும், எல்லாப் பதிவையும் ஒரே இடத்தில் ஏற்றி இணைப்பை அனுப்பினோம். ஒருத்தர்கூடத் திறக்கவில்லை. கோயம்புத்தூர் அத்தை "சூப்பர்" என்று பதில் போட்டார், திறந்து பார்க்காமலே.

அப்புறம் மனைவி சொன்ன யோசனைப்படி, ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு பாத்திரத்தின் படம், கூட மூன்று நிமிஷத்துக்குள் ஆயாவின் குரல். அவ்வளவுதான். இரண்டாவது வாரமே அத்தை, "அந்தக் கூஜா அவங்க குடுத்தது இல்ல, எங்க நாத்தனார் குடுத்தது" என்று சண்டைக்கு வந்துவிட்டார். சண்டை வந்தால் ஆள் சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

முடிச்சூர்ச் சித்தப்பா வீட்டு ஆல்பம் 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்து, படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் பத்து வருஷமாக ஒரு பையில் கிடந்தது. காய்ந்து ஒட்டியதைப் பிய்த்தால் முகத்தோடு வந்துவிடும். நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, தானாக விட்டுக்கொடுத்தவற்றை மட்டும் பிரித்து, படம் மேலே இருக்கும்படி நிழலில் காய வைத்தோம். ஏழு படம் தேறியது. மீதியைப் பிரிக்காமல் அப்படியே போனில் படம் எடுத்து வைத்தோம், ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல்.

எதிர்பாராத லாபம் நவம்பரில் வந்தது. வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் என்று படிவம் கொடுத்து, இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருக்கிறது என்று கேட்டபோது தெருவே அல்லாடியது. எங்கள் வீட்டில் எந்த வருஷம் எந்தத் தெரு என்று சுவரில் ஒட்டியே வைத்திருந்தோம், வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தது.

அண்டா

இப்போது தலைப்புக்கு வருகிறேன். மொய் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பாத்திரமாக வந்தவற்றின் பட்டியல் இருந்தது. அதில் முதல் வரி, "பித்தளை அண்டா 1", கொடுத்தவர் தாத்தாவின் அண்ணன். சின்னவன் கூடத்தில் இருந்த பாத்திரங்களைப் பட்டியலோடு சரிபார்த்துக்கொண்டே வந்து, "ஆயா, அண்டா எங்க போச்சு?" என்றான்.

ஆயா பதில் சொல்லவில்லை. அன்றைக்கு எழுந்து போய்விட்டார். இரண்டு மூன்று வாரம் கழித்து, பஸ்ஸில் போய் வந்ததற்கு அப்புறம் ஒரு ராத்திரி அவராகவே ஆரம்பித்தார். 1974 மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தம். 8ஆம் தேதி தொடங்கி 27ஆம் தேதி வரைக்கும் நடந்தது. தாத்தா வேலைக்குப் போகவில்லை, பயந்துகொண்டு ராத்திரியில் வீட்டிலும் படுக்கவில்லை. வீட்டில் மூன்று பிள்ளை. நகை ஏற்கனவே சேட்டு அடகுக் கடையில் இருந்தது, இரண்டாவது வாரம் அண்டாவும் போனது. "நானே தலையில வெச்சுத் தூக்கினு போனேன், உங்கப்பன் கூடவே அழுதுனே வந்தான், அதுல தண்ணி ரொப்பி உக்காந்து குளிப்பான் அவன்." அப்பா அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார், அவருக்கே இது ஞாபகம் இல்லை. திருப்ப முடியவில்லை, அடகிலேயே மூழ்கிப்போச்சு என்றார் ஆயா. தாத்தாவின் அண்ணன் கொடுத்த சீரை அடகு வைத்துத் தொலைத்துவிட்டோம் என்ற வெட்கத்தில் அந்த வீட்டுப் பக்கம் போவதைக் குறைத்தார்களாம்.

எங்களுக்குச் சொல்லப்பட்ட கதை வேறு. 1971இல் பெரிய தாத்தாவின், அதாவது தாத்தாவின் அந்த அண்ணனுடைய, மகள் கல்யாணத்தில் நாங்கள் 11 ரூபாய் மொய் எழுதினோம், அதைக் கேவலமாகப் பேசினார்கள், அதனால் பேச்சுவார்த்தை நின்றது. இதைச் சொன்னது தாத்தா. சண்டைக்கு ஒரே குடும்பத்தில் இரண்டு காரணம்.

அவர்கள் இருப்பது வில்லிவாக்கம், ஷேர் ஆட்டோவில் கால் மணி நேரம். சாவு வீட்டில் மட்டும் பார்த்துக்கொள்வோம், தலையாட்டிக்கொள்வோம். போகலாமா வேண்டாமா என்று வீட்டில் பெரிய விவாதம். கிளறாதே என்பது அம்மாவின் கட்சி, அதிலும் நியாயம் இருந்தது. குடும்பக் கதை தேடுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும், சம்பந்தப்பட்டவர் சரி என்று சொல்லாமல் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது. ஆயா ஏழு மாதம் சரி என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மாட்டுப் பொங்கல் அன்று சாயங்காலம், "நாளைக்குக் காணும் பொங்கல்தானே, அக்காவப் பாத்துட்டு வரலாம்" என்றார். அக்கா என்றது அவருடைய ஓரகத்தியை, பெரிய தாத்தாவின் மனைவி.

பெரிய ஆயாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கத்திக்கொண்டிருந்தார்கள். மகள் கொண்டுபோன சக்கரத்தை எடுத்ததும் அந்த வீட்டுப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். பெரியப்பா உள்ளே போய் அவர்களுடைய 1971 மொய் நோட்டை எடுத்து வந்தார், அவர்களும் பத்திரமாக வைத்திருந்தார்கள். தாத்தா பெயருக்கு நேராக 11 ரூபாய்தான். ஆனால் அதற்காகச் சண்டை என்று அவர்கள் வீட்டில் யாருமே கேள்விப்பட்டதில்லை. அவர்கள் கதைப்படி, மில் ஸ்டிரைக் ஒன்றில் பெரிய தாத்தா கஷ்டப்பட்டபோது எங்கள் தாத்தா எட்டிப் பார்க்கவில்லை, அதனால் வருத்தம். எது சரி என்று தீர்க்க எங்களிடம் ஒன்றும் இல்லை. வீட்டுச் சுவரில் இப்போது மூன்று கதையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது, யார் சொன்னது என்ற பெயரோடு.

சின்னவன் கை கழுவப் பின்கட்டுக்குப் போனவன் ஓடி வந்தான். கிணற்றடியில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தண்ணீர் பிடித்து வைத்திருந்த அண்டாவின் விளிம்பில் ஆயா பெயர், தாத்தா பெயர், 1.6.60. அவன் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு வந்திருக்கிறான்.

பெரிய தாத்தா அதைச் சேட்டிடமிருந்து மீட்டிருக்கிறார். எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர்களாக வந்து கேட்டால் கொடுக்கலாம் என்று வைத்திருந்தாராம். நாங்கள் மூழ்கிப்போச்சு என்று நினைத்துக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை.

எல்லோரும் அண்டாவைச் சுற்றி நின்றோம். அண்ணன் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தான். ஆயா மெதுவாகக் குனிந்து, தண்ணீரை ஒரு பக்கமாக ஒதுக்கி, உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஈயம் பூசி எத்தினி வருசம் ஆச்சுக்கா?"

பெரிய ஆயாவுக்குக் கேட்கவில்லை. ஆயா இன்னொரு தடவை கத்தினார்.